பொதுவில் போடுகிறவர்

கொடுக்கிற மனிதர்களை உங்களுக்குத் தெரியும். பிடுங்குகிற மனிதர்களை இன்னும் நன்றாகத் தெரியும். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது ரகம் ஒன்று நம் நடுவிலேயே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உலாவுகிறது. அவர் தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ள மாட்டார். உங்களுக்கென்று எதையும் வைத்துக்கொள்ள விடவும் மாட்டார். எதைக் கண்டாலும் பொதுவில் போடுவார். போட்டுவிட்டு, அதன் சாவியை மட்டும் தன் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்.

எங்கள் காம்பவுண்டில் நான்கு வீடுகள். நான்கு வீட்டிலும் ஒரு காலத்தில் நான்கு ஏணி, நான்கு இஸ்திரிப் பெட்டி, நான்கு குடை இருந்தன. "ஆளுக்கொண்ணு எதுக்குண்ணே? இடத்துக்குத்தான் கேடு" என்று ஒருவர் கிளம்பினார். இப்போது ஒரு ஏணி இருக்கிறது, அது எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஒரு இஸ்திரிப் பெட்டி இருக்கிறது, அதற்கு முறை உண்டு; என் முறை வியாழக்கிழமை, ஆகையால் வெள்ளிக்கிழமையிலிருந்து நான் கசங்கலாகத்தான் திரிவேன். ஒரு பெரிய குடை இருக்கிறது. மழை பெய்யும்போது அது எப்போதும் அவரோடு கொட்டாம்பட்டியில் இருக்கும்.

அவர் பெயர் ஜேசுராஜ். மதுரை தல்லாகுளத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் சாஃப்ட்வேர் கம்பெனி வைத்திருக்கிறார். அதே மாடியில் அடுத்த அறையில் உட்கார்ந்து நான் பத்திரம் எழுதுகிறேன். பாகப்பிரிவினைதான் என் பிழைப்பு. பொதுப் பாதை, பொதுக் கிணறு, பொது வாசல் என்று பெரியவர்கள் பெருந்தன்மையாக விட்டுவிட்டுப் போனதையெல்லாம் பேரப்பிள்ளைகள் அரிவாளோடு வந்து பிரித்துத் தரச் சொல்வார்கள். ஊரெல்லாம் பிரிக்கிற ஒருவனையும் உலகத்தையே சேர்க்கிற ஒருவரையும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் உட்காரவைத்த அந்தக் கட்டட உரிமையாளரை என்னவென்று சொல்வது?

ஜேசுராஜ் செய்வதெல்லாம் பேசும் சாஃப்ட்வேர். ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் மணி அடித்து அறிவிப்புச் சொல்லும். கொட்டாம்பட்டியில் சோணை என்பவரின் தென்னந்தோப்பில் மோட்டாரைப் பார்த்துக்கொண்டு, தண்ணீர் வராவிட்டால் கத்தும். வாடிப்பட்டியில் ஒரு விசேஷ மண்டபத்தில் ஆட்களைப் பந்திக்குக் கூப்பிடும். மூன்று புரோகிராமையும் எழுதியது ரூத் என்ற பெண். அந்தக் கம்பெனியில் வேலை செய்கிறவர் அவர் ஒருவர்தான். ஜேசுராஜ் யோசிப்பார்.

அப்படி யோசித்ததில் ஒருநாள் உதித்ததுதான் ஷேர்டு லைப்ரரி. அதென்ன என்று நான் கேட்டபோது ரூத் பொறுமையாகச் சொன்னார். "முன்னாடியெல்லாம் ஒவ்வொரு புரோகிராமும் தனக்கு வேண்டிய கட்டுச்சோத்தத் தானே கட்டிக்கிட்டுப் போகும்ண்ணே. எங்க போனாலும் பிரிச்சுச் சாப்பிட்டுக்கும். இப்ப அப்படி இல்ல. கைய வீசிக்கிட்டுப் போகும். போன எடத்துல பொதுவா ஒரு அண்டா இருக்கும், அதுதான் லைப்ரரி. அதுல இருந்து எடுத்துக்கும். கம்பைல் பண்றப்ப, அதாவது எழுதுனத மெசினுக்குப் புரியிற மாதிரி மாத்துறப்ப, இன்ன அண்டாவுல இன்னத எடுத்துக்கன்னு சொல்லிவிடுறதுதான் லிங்க்."

"அண்டா இல்லாட்டி?"

"பட்டினிதான்."

"அண்டாவுல வேற ஏதாவது இருந்தா?"

"அதத்தான் தின்னும். அதுக்கு ருசி தெரியாதுல்ல."

ஒழுங்காகச் செய்தால் இது நல்ல ஏற்பாடுதான் என்றும், உலகம் பூராவும் இப்படித்தான் நடக்கிறது என்றும், அதில் ஒரு குறையும் இல்லை என்றும் ரூத் சொன்னார். குறை எங்கே இருக்கிறது என்பதை மட்டும் கண்ணால் காட்டினார். கண் காட்டிய இடத்தில் ஜேசுராஜ் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார்.

மூன்று இடத்து அறிவிப்புகளையும் அவர் ஒரே லைப்ரரியில் போட்டார். குரல் அவருடைய மனைவி ஜெஸியுடையது. ஜெஸி டீச்சர் வேலை பார்க்கிறவர். அந்தக் குரல் "வருக வருக" என்று சொன்னால்கூட, வீட்டுப்பாடம் எழுதினோமா என்று நமக்குச் சந்தேகம் வந்துவிடும். ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஒரு நம்பர். பள்ளிக்கூடம்தான் முதல் வாடிக்கை என்பதால் ஒன்றாம் நம்பர் அவர்களுக்கு: "தாமதமாக வந்தவர்கள் உள்ளே வரக்கூடாது. வெளியிலேயே நிற்கவும்." இரண்டு, தோப்புக்கு: "மோட்டாருக்குத் தண்ணீர் வரவில்லை." மூன்று, மண்டபத்துக்கு: "இலை போட்டாகிவிட்டது. பந்திக்கு அமரலாம்." நான்கு, மறுபடி தோப்புக்கு: "தொட்டி நிரம்பிவிட்டது. போதும். உடனே நிறுத்தவும்." இப்படியே போகும். புரோகிராம் வாக்கியத்தைக் கேட்காது; நம்பரைத்தான் கேட்கும். அந்த நம்பரில் என்ன இருக்கிறதோ அதை லைப்ரரி பேசும். இவ்வளவுதான் விஷயம். எனக்கே புரிந்துவிட்டது.

சரி, நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது? போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் சாயங்காலம் அழகம்மாள் படியேறி வருகிற வரைக்கும்.

அழகம்மாள் வாடிப்பட்டிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிறவர். அவருடைய ஒரே மகள் ஆர்த்திகாவுக்கு அந்த மண்டபத்தில் காதுகுத்து வைத்திருந்தார். காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி வேண்டும். தாய்மாமன் இருக்கிறார், நல்லகாமன் என்று பெயர். ஆனால் அண்ணனும் தங்கையும் முகம் பார்த்துப் பேசிப் பல வருஷம் ஆகிவிட்டது. காரணம் கேட்கிறீர்களா? அப்பா இரண்டு பேருக்கும் பொதுவில் விட்ட ஒரு கிணறு. என்னைக் கேட்டிருந்தால் நாள் முறையோடு எழுதித் தந்திருப்பேன், யார் கேட்டார்கள்? பிள்ளை பிறந்தபோதும் அவர் வரவில்லை. முடியிறக்கும்போதும் வரவில்லை. அழகம்மாள் போய்க் காலில் விழாத குறையாக அழைத்து, பிறகு ஊரில் நாலு பேரை விட்டு அழைத்து, கடைசியில் "வாரேன்னு சொல்லு" என்ற ஒரு வார்த்தை வந்திருந்தது.

மண்டபத்துக்காரர் அழகம்மாளை ஜேசுராஜிடம் அனுப்பியிருந்தார். தாய்மாமன் சீர் வாசலுக்கு வரும்போது ஸ்பீக்கரில் சொல்ல வேண்டும். ஜேசுராஜ் ஜெஸியை அதைப் பேசவைத்து லைப்ரரியில் சேர்த்து, கம்ப்யூட்டரில் வரிசையைக் காட்டினார். புதிதாகச் சேர்த்தது என்பதால் அது கடைசியில் இருந்தது.

அழகம்மாள் திரையைப் பார்த்தார். மேலிருந்து கீழே பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"என்ன சார், எங்கண்ணன கடைசில போட்டுருக்கீக?"

"அது சும்மா வரிசைதாம்மா. யாரும் பாக்க மாட்டாங்க."

"நான் பாத்துட்டேன்ல? பத்திரிகை கடைசியா வச்சோம்னு ஏற்கனவே ஒரு குறை. மோட்டார், தொட்டி எல்லாத்துக்கும் கீழ எங்கண்ணன் பேரு கெடக்குன்னு யாராவது போய்ச் சொன்னா வருவாரா? தாய்மாமன்னா மொதல்ல சார். மொதல்ல போடுங்க."

இந்த இடத்தில் உலகத்தின் வேறு எந்த ஊர் சாஃப்ட்வேர்காரராக இருந்தாலும் சிரித்துச் சமாளித்து அனுப்பியிருப்பார். ஜேசுராஜ் மதுரைக்காரர். நெஞ்சில் கையை வைத்தார். "தப்புதாம்மா. தாய்மாமனக் கடைசில போட்டது தப்பு" என்றார். அந்த அறிவிப்பைத் தூக்கி ஒன்றாம் நம்பரில் வைத்தார். ஒன்று இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று, எல்லாம் ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்தன.

ரூத் எழுந்தேவிட்டார். "அண்ணே, நம்பர் மாறுது. எல்லா எடத்துலயும் பழைய நம்பர்லதான் கேக்கும். கடைசிலயே சேருங்க. இல்லாட்டி லைப்ரரிக்கு வேற பேரு வச்சு மூணு புரோகிராமையும் திரும்பக் கம்பைல் பண்ணுவோம்."

"எதுக்கு? ஃபைல் பேரு அதேதான? மண்டபத்துக்கு மட்டும் கம்பைல் பண்ணு. மத்தது அது பாட்டுக்கு ஓடும்."

"ஓடும்ண்ணே. எங்க ஓடும்னு தெரியல."

"ரூத்து, பொதுன்னு வந்துட்டா ஒருத்தருக்கொருத்தர் அனுசரிச்சுத்தான் போகணும்" என்று சொல்லி ஜேசுராஜ் ஒரு பொத்தானை அமுக்கினார். புதிய லைப்ரரி பள்ளிக்கூடத்துக்கும் தோப்புக்கும் மண்டபத்துக்கும் பறந்துவிட்டது.

மறுநாள் விசேஷத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். போனேன். வாடிப்பட்டியில் அன்று நல்ல கூட்டம். அழகம்மாள் வாசலுக்கும் மேடைக்கும் நடந்தபடியே இருந்தார். பட்டுப் பாவாடையும் தலை நிறையப் பூவுமாக ஆர்த்திகா, யார் எதைச் சொன்னாலும் "மாமா வந்துட்டாரா?" என்று மட்டும் கேட்டாள். அவள் பார்த்தே இராத மாமா. காது குத்துகிற ஆசாரி வந்து உட்கார்ந்துவிட்டார். சீர் வரிசை வாடிப்பட்டி எல்லையில் நிற்பதாகச் செய்தி வந்தது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது.

காலைப் பந்தியில் நான் இரண்டாவது இட்லியைப் பிட்டேன். ஸ்பீக்கர் இருமியது. அடுத்த பந்திக்கு ஆட்களைக் கூப்பிட வேண்டிய நேரம். ஜெஸியின் குரல் கணீரென்று சொன்னது: "தொட்டி நிரம்பிவிட்டது. போதும். உடனே நிறுத்தவும்."

பந்தி அப்படியே உறைந்தது. எனக்கு எதிரே இருந்த பெரியவர் ஒருவர் வாய்க்குப் போன வடையை இலையில் திருப்பி வைத்தார். அவருடைய மருமகன் "இது எனக்குச் சொன்னதா?" என்று எழுந்தார். எதிர்ப் பந்தியில் ஓர் அம்மாள், "நாலாவது தடவ கேசரி கேட்டீங்கல்ல, அதான்" என்று கணவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். மண்டபம் முழுக்கக் கேட்டது.

நான் கையைக் கழுவாமலே கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினேன். ஜேசுராஜ் அங்கே ரூத்தோடு மூன்று போன்களுக்கு நடுவே இருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து தலைமையாசிரியை அழைத்திருந்தார். பள்ளிக்கூடம் பழைய நம்பரைக் கேட்டிருக்கிறது. புதிய லைப்ரரி பேசியிருக்கிறது. தாமதமாக வந்த பிள்ளைகள் கேட் பக்கம் தலைகாட்டியதும், "தாய்மாமன் சீர் வருகிறது. எல்லோரும் எழுந்து வழிவிடவும்" என்று சொல்லி, மேளமும் வாசித்திருக்கிறது. மொத்தப் பள்ளிக்கூடமும் எழுந்து நின்றது. அந்தப் பிள்ளைகள் கையசைத்துக்கொண்டே உள்ளே போனார்களாம்.

அடுத்தது கொட்டாம்பட்டி சோணை. "ஏண்ணே, மோட்டாரப் போட்டா 'தாமதமா வந்தவங்க வெளியிலயே நில்லுங்க'ங்குது. நான் தோப்புக்குள்ள நிக்கிறேன். தோப்புல எதுண்ணே வெளிய? வரப்புலயா, ரோட்டுலயா?"

"ரோட்டுல நில்லுங்கண்ணே, வாரேன்" என்றார் ஜேசுராஜ்.

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வேர்த்துக் கொட்டுகிறது, ஆனால் முகம் மட்டும் கல்யாண மாப்பிள்ளை போலப் பொலிவாக இருக்கிறது. மூன்று தாலுகா அவரைத் தேடுகிறது அல்லவா?

"பள்ளிக்கூடத்துலயும் தோப்புலயும் புதுசு ஓடுது. இங்கயும் புதுசுதான அனுப்புனோம்? இங்க மட்டும் ஏன் பழசு பேசுது?" என்று அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டபோது, ரூத் திரையில் ஒரே ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். எதற்கும் இருக்கட்டும் என்று ஜேசுராஜே முன்னால் இருக்கும் ஃபோல்டரில் பழைய லைப்ரரியின் நகல் ஒன்றை எப்போதோ போட்டுவைத்திருக்கிறார். புரோகிராம் முதலில் அங்கேதான் தேடுகிறது. கிடைத்ததை எடுத்துக்கொண்டு, அடுத்த இடத்தைப் பார்க்காமலே வந்துவிடுகிறது. இங்கே கேட்பது புதிய நம்பர், பேசுவது பழைய லைப்ரரி.

அப்படியானால் இந்த மண்டபத்தில் ஒன்றாம் நம்பர் எது? நானும் ரூத்தும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்தோம். வெளியே தப்பு மேளச் சத்தம் கேட்டது. மண்டபத்து ஆள் வாசலிலிருந்த பொத்தானை அமுக்கிவிட்டார்.

சீர் வந்துகொண்டிருந்தது. முன்னால் தப்பு, பின்னால் தட்டுகள், மாலை போட்ட கிடா ஒன்று, டிராக்டரில் வாழைத்தார். நடுவில் புது வேட்டியில், விறைத்த கழுத்தோடு நல்லகாமன். மண்டபத்து வளைவுக்குக் கீழே ஒரு காலை எடுத்து வைத்தார்.

"தாமதமாக வந்தவர்கள் உள்ளே வரக்கூடாது. வெளியிலேயே நிற்கவும்."

வைத்த காலைப் பின்னுக்கு எடுத்துவிட்டார். தப்பு நின்றது. கிடாவும் நின்றது.

"ஒரு நிமிசம், ஒரு நிமிசம், இப்பப் பாருங்க" என்று உள்ளே ஜேசுராஜ் எதையோ தட்டிச் சோதித்தார். ஸ்பீக்கர் மறுபடி சொன்னது: "வெளியிலேயே நிற்கவும்." இன்னொன்றைத் தட்டினார். இந்த முறை இன்னும் சத்தமாகச் சொன்னது. சீர் கொண்டுவந்த பெண்கள் தட்டுகளைத் தலையிலிருந்து இறக்க ஆரம்பித்தார்கள். டிராக்டர்காரர் வண்டியைப் பின்னால் எடுக்கத் திரும்பிப் பார்த்தார்.

"மைக்குல வாயால கூப்புடுங்க!" என்று நான் கத்தினேன்.

"மைக்கும் லைப்ரரி வழியாத்தாண்ணே போகுது" என்றார் ரூத். "பொதுவுல போட்டுட்டாரு."

ஜேசுராஜ் பதற்றத்தில் பழைய நகலை அழித்தார். கைப்பழக்கத்தில் பக்கத்தில் இருந்த புதியதையும் சேர்த்து அழித்தார். அண்டா போய்விட்டது. நாதஸ்வர ஒலி, அறிவிப்பு, மைக் எல்லாம் ஒரேயடியாக அடங்கின. அத்தனை பெரிய மண்டபத்தில் சீலிங் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த அமைதியில் அழகம்மாள் வாசலுக்கு ஓடினார். "அண்ணே! அது மெசினுண்ணே. நான் சொல்லலண்ணே. சத்தியமா நான் சொல்லல."

நல்லகாமன் தரையைப் பார்த்தபடி நின்றார். கழுத்து மெல்லத் தளர்ந்தது. "மெசினு சொன்னா என்ன, நீ சொன்னா என்ன. சரியாத்தான சொல்லுது? இந்தப் புள்ள பொறந்தன்னைக்கு வந்துருக்கணும் நான். லேட்டுதான். வெளிய நிக்க வேண்டியவன்தான்."

"அப்ப நில்லுண்ணே" என்றார் அழகம்மாள். "நீ நிக்கிற எடத்துக்கு நாங்க வாரோம்."

உள்ளே போய் மணையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வளைவுக்கு வெளியே, ரோட்டோரமாகப் போட்டார். நல்லகாமன் உட்கார்ந்தார். ஆர்த்திகா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் சந்தேகமாகப் பார்த்து, "நீதான் மாமாவா?" என்று கேட்டுவிட்டு மடியில் ஏறிக்கொண்டாள். ஆசாரி வெளியே வந்தார். பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு வந்தார்கள். திண்டுக்கல் பஸ் ஒன்று நின்றே விட்டது. பிள்ளை வீறிட்டு அழுதாள்; அந்த அழுகை ஸ்பீக்கர் இல்லாமலே வாடிப்பட்டி முழுக்கக் கேட்டிருக்கும். மாமனும் அழுதார். ஊரைப் பிரித்தே பிழைக்கிற எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

காது குத்தி முடிந்து, சீனியை வாயில் போட்டுப் பிள்ளையைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தபோது, ஸ்பீக்கர் உயிர்பெற்றது. "தாய்மாமன் சீர் வருகிறது. எல்லோரும் எழுந்து வழிவிடவும்." ஒருவர்கூட இல்லாத மண்டபத்தில் நாற்காலிகளுக்கு அது ஆணையிட்டது. புதிய லைப்ரரியைத் திரும்ப ஏற்றிவிட்டு, கம்ப்யூட்டர் அறைக் கதவைத் திறந்துகொண்டு ஜேசுராஜ் வெற்றியோடு வெளியே வந்தார். "சரியாயிருச்சு! எங்க எல்லாரும்?"

நடந்ததை ரூத் சொன்னார். ஜேசுராஜ் வருத்தப்படுவார் என்றுதானே நினைப்பீர்கள்? கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப அண்ணனும் தங்கச்சியும் சேந்ததுக்கு நம்ம லைப்ரரிதான் காரணம்" என்றார். அடுத்த வாரமே எல்லா மண்டபத்துக்கும் 'சமாதான வசதி' என்று ஒன்றை விற்கக் கிளம்பிவிட்டார். பேச்சுவார்த்தை இல்லாத உறவினர் வாசலுக்கு வந்ததும், வெளியே நிற்கச் சொல்லி ஜெஸி அதட்டுவார். இரண்டு இடத்தில் வாங்கியிருக்கிறார்கள். ஒரு இடத்தில் அடிதடி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சிரித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டுக் கடைசி விசேஷத்தின் போட்டோக்களை எடுத்துப் பாருங்கள். பிள்ளை அழுகிற படம், மாமன் மடி, சீனி ஊட்டுகிற படம், எல்லோரும் சேர்ந்து நிற்கிற படம். அதில் ஒன்றில்கூட நீங்கள் இல்லையா? ஜெனரேட்டர் பக்கமோ, பூட்டிய ஏதோ ஓர் அறையிலோ, 'நான் இல்லாட்டி இங்க ஒண்ணும் நடக்காது' என்று வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றீர்களா? அப்படியானால் இது உங்கள் கதைதான், இரண்டாவது முறை படிக்க வேண்டாம். அந்த நேரத்தில் வெளியே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது.